கிளியூர் உப்புக்கண்டமும் பாட்னா வெடியுப்பும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குது. அந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை, கிளியூர்ல ஒரு அக்கா.

போன டிசம்பர்ல ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஏற்காடு போயிருந்தோம். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கீழே கிளியூர் அருவியாக விழுகிறது, கிட்டத்தட்ட 300 அடி. அருவி பார்த்துவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த ஒரு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அடுப்புக்கு மேலே, புகை படுகிற உயரத்தில், நூலில் கோத்த கறித்துண்டுகள் மாலை மாதிரித் தொங்கின. உப்புக்கண்டம்.

எலும்பில்லாத ஆட்டுக்கறியை நீளநீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, நூலில் கோத்துக் காயவைப்பது. வேண்டும்போது எண்ணெயில் பொரித்துச் சாப்பிடலாம். அந்த அக்கா அதைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கவும் செய்கிறார். "இங்கேயே காய வைப்பீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"இங்க எங்க தம்பி காயுது, ஒரே பனி. சேலத்துல எங்க பெரியக்கா வீட்டு மொட்டை மாடியில காய வச்சு எடுத்துட்டு வருவேன். இங்க சும்மா புகைக்குத் தொங்குது. முதல் ரெண்டு நாள்தான் இதுக்குக் கண்டம். அதைத் தாண்டிட்டா ஒண்ணும் ஆவாது."

உப்புக்கண்டத்துக்கே கண்டம்! நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. மழைக்காலத்தில் வெயில் ஏமாற்றி, நாலு கிலோ கறியைக் குழி தோண்டிப் புதைத்தாராம். நாலு கிலோ ஆட்டுக்கறி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"மாவு புளிச்சா இட்லி. பால் புளிச்சா தயிர். கறி மட்டும் ஏன் தம்பி புளிக்காம நாறுது? இன்ஜினியரிங் படிச்சிருக்கீங்களே, சொல்லுங்க."

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தேடப் போனால், பாட்னாவின் மாட்டுக்கொட்டகை, பெல்ஜியத்தில் ஒரு இழவு வீடு, நியூயார்க் மாநிலத்தில் ஆவி பறந்த இட்லி என்று எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அக்காவின் கேள்விக்கு நேரடி பதில்.

மாவிலும் பாலிலும் பாக்டீரியா தின்பதற்குச் சர்க்கரை இருக்கிறது. பாலில் லாக்டோஸ், மாவில் மாவுச்சத்திலிருந்து பிரியும் சர்க்கரை. லாக்டிக் பாக்டீரியா என்று ஒரு பெரிய குடும்பம் உண்டு. அவை சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடும். அந்தப் புளிப்பை அவை தாங்கும், கெட்டுப்போகச் செய்கிற பல கிருமிகளால் தாங்க முடியாது. சாப்பாட்டையும் சாப்பிட்டு, மற்றவன் உள்ளே வராதபடி கதவையும் பூட்டிவிடும்.

1965-ல் இட்லி மாவைப் பற்றி ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஜெனிவா என்ற ஊரில் ஸ்டெயின்க்ராஸ், முகர்ஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்தது. மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் என்று பலர் நினைத்திருந்த காலம். அவர்கள் 'லூக்கோநோஸ்டாக் மெசென்டராய்டிஸ்' என்ற லாக்டிக் பாக்டீரியாதான் முக்கியமான ஆள் என்று காட்டினார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

கறிக்கு வருவோம். கறியில் சர்க்கரை மிகக் குறைவு. உயிரோடு இருக்கும்போது தசையில் கிளைக்கோஜன் என்று கொஞ்சம் சேமிப்பு இருக்கும். ஆட்டை அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறும். தசையின் பி.எச். அளவு 7 பக்கத்திலிருந்து 5.5, 5.8 வரை இறங்கும். பி.எச். குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஆனால் கறியில் அது அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேல் புளிக்கச் சரக்கு இல்லை. மிச்சம் இருப்பது புரதமும் தண்ணீரும். புரதத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் வெளியேற்றுவதில் அம்மோனியா, கந்தகச் சேர்மங்கள் எல்லாம் இருக்கும். அதுதான் நாற்றம்.

இதில் நம்ம ஊர் வெயிலின் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்று, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். அக்கா சொன்ன இரண்டு நாள் கண்டம் என்பது இந்த ஓட்டப்பந்தயம்தான். எங்கள் வேலையில் இதை 'ரேஸ் கண்டிஷன்' என்போம். யார் முதலில் வந்து சேர்கிறார்களோ அவர்களைப் பொறுத்து முடிவு மாறும்.

இந்தப் பந்தயத்தில் ஜெயிக்க மனிதர்கள் கண்ட பழைய வழிகள் இரண்டு. ஒன்று, பந்தயத்தையே நிறுத்துவது. தண்ணீரை எடுத்துவிட்டால் யாராலும் ஓட முடியாது. கருவாடும் உப்புக்கண்டமும் அந்த வழி. உப்பு உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்கும், வெயில் அதை உலர்த்தும். அடிக்கிற வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் ஏற்ற வழி.

இரண்டாவது வழி, நமக்குப் பிடித்த ஆளை ஜெயிக்க வைப்பது. கறியை வேண்டுமென்றே புளிக்க வைப்பது.

இதற்கு மூன்று விஷயம் வேண்டும். கொஞ்சம் சர்க்கரை, அளவான உப்பு, ரொம்பச் சூடில்லாத ஈரமான இடம். அதாவது சேலம் இல்லை, ஏற்காடு! நினைத்துப் பாருங்கள், 1,500 மீட்டர் உயரத்தில் பனியும் குளிருமாக இருக்கும் அந்த மலை. உப்புக்கண்டம் காய்வதற்கு எதெல்லாம் இடைஞ்சலோ, அதெல்லாம் சாசேஜ் புளிக்க வைப்பதற்குச் சாதகம். ஐரோப்பாவில் இலையுதிர் காலக் கடைசியில் பன்றியை அறுத்து, கொத்தி, உப்புப் போட்டு, குடலில் திணித்து, குளிர்ந்த நிலவறையில் தொங்கவிட்டார்கள். 2, 3 சதவீத உப்பு கெடுக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றை மந்தமாக்கும், லாக்டிக் ஆட்களை அந்த அளவுக்குப் பாதிக்காது. குடலுக்குள் காற்றும் இல்லை. மெதுவாகப் புளிப்பு ஏறும், அப்புறம் மெதுவாக உலரும். சலாமி அப்படிப் பிறந்ததுதான்.

ஐரோப்பா வரைக்கும்கூடப் போக வேண்டாம். சிக்கிமில் 'கார்க்யோங்' என்று ஒன்று செய்கிறார்கள். யாக், மாடு அல்லது பன்றிக் கறியைக் கொத்தி, இஞ்சி பூண்டு உப்புச் சேர்த்துக் குடலில் திணித்து, வேகவைத்து, அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது. கிளியூர் அக்கா வீட்டு அடுப்பு மாதிரியே. ஜோதி பிரகாஷ் தமாங் என்ற சிக்கிம் நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் அதில் இருக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் யார் இருந்தார்கள் தெரியுமா? நம்ம லூக்கோநோஸ்டாக் மெசென்டராய்டிஸ். இட்லிக்காரர்தான்.

தாய்லாந்தில் இன்னும் சுவாரசியம். 'நேம்' என்று ஒன்று. பன்றிக்கறியோடு பூண்டும் வேகவைத்த அரிசிச் சோறும் பிசைந்து, இறுக்கிப் பொதிந்து, சில நாள் அப்படியே வைப்பார்கள். வாழை இலையில் சுற்றுவது பழைய வழக்கம். கறியில் இல்லாத சர்க்கரைக்குச் சோறு. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு பிடிச் சோற்றில் இருந்திருக்கிறது.

சரி, இப்போ பாட்னா.

ஹாம், சாசேஜ் செய்த ஐரோப்பியர்கள் உப்போடு இன்னொன்றையும் ஒரு சிட்டிகை போட்டார்கள். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அதைப் போட்டால் கறி சாம்பல் நிறமாகாமல் ரோஜாச் சிவப்பில் நிற்கும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. ஏன் என்று தெரியாது.

17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஐரோப்பாவுக்கு வெடியுப்பு பெருமளவு போனது பீகாரிலிருந்து. டச்சுக் கம்பெனியும் ஆங்கிலேயக் கம்பெனியும் அதற்காகப் போட்டி போட்டன. முதல் காரணம் வெடிமருந்து. பிளாசிப் போர் நடந்தது 1757-ல். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனி மீர் ஜாபரிடமிருந்து பீகார் வெடியுப்புக்கு ஏகபோக உரிமை வாங்கிவிட்டது. இந்தப் பண்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பீரங்கிக்குப் போனது போக ஒரு சிறு பங்கு கசாப்புக்காரரின் உப்புத்தொட்டிக்குப் போனது.

அதை எடுத்தவர்கள் நோனியா என்ற சமூகத்து மக்கள். மாட்டுக்கொட்டகைப் பக்கத்திலும் பழைய மண்சுவர் ஓரத்திலும் வெள்ளையாகப் பூக்கிற மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து வடித்து, காய்ச்சி எடுப்பார்கள். நம்ம பக்கம் உவர்மண்ணிலிருந்து உப்பும் வெடியுப்பும் காய்ச்சிய உப்பிலியர்கள் செய்த வேலையும் இதே மாதிரிதான்.

அந்த மண்ணில் வெடியுப்பு எப்படி வந்தது? மாட்டு மூத்திரத்திலிருந்து. அதை நைட்ரேட்டாக மாற்றியது மண்ணில் இருக்கும் பாக்டீரியா. இது வெறும் ரசாயன மாற்றம் இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்று செய்கிற வேலை என்று 1877-ல் பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். கழிவுநீரை மணல் வழியாக வடியவிட்டார்கள், நைட்ரேட் உண்டானது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், வேலை நின்றுபோனது. மயக்க மருந்து கொடுத்தால் நிற்கிறது என்றால் உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது!

இப்போ கதையின் மறுமுனை. 1891-ல் ஜெர்மனியில் போலென்ஸ்கே என்பவர் கறி ஊறிய உப்புநீரைச் சோதித்தார். போட்டது நைட்ரேட் மட்டும். ஆனால் அதில் நைட்ரைட் இருந்தது. நைட்ரேட்டிலிருந்து ஓர் ஆக்சிஜன் குறைந்தால் நைட்ரைட். அதைக் குறைத்தது உப்புநீரில் வாழ்ந்த பாக்டீரியா. 1899-ல் லேமன், கிஸ்கால்ட் என்ற இருவரின் ஆய்வுகள் அந்தச் சிவப்புக்குக் காரணம் நைட்ரைட்தான் என்று காட்டின. 1901-ல் ஹால்டேன் அந்தச் சிவப்பின் ரசாயனத்தை விளக்கினார். கறியின் நிறமியோடு நைட்ரிக் ஆக்சைடு ஒட்டிக்கொள்வதுதான்.

அதாவது பாட்னாவில் ஒரு பாக்டீரியா மண்ணில் செய்து கொடுத்ததை, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு ஐரோப்பிய நிலவறையில் இன்னொரு பாக்டீரியா வாங்கி வேலையை முடித்திருக்கிறது. நடுவில் நோனியாக்களின் உழைப்பு, கம்பெனியின் கப்பல், பிளாசிப் போர். பாக்டீரியா இருப்பது இதில் யாருக்கும் தெரியாது.

இந்த நைட்ரைட் வெறும் அழகுக்கு மட்டுமா? அதற்கு ஒரு கொலைக்கதை சொல்லணும்.

தெற்கு ஜெர்மனியில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே சாசேஜ் சாப்பிட்டுச் செத்துப்போகிற செய்திகள் வந்தன. யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கவிஞரும்கூட, இதைத் துரத்தினார். 1820-லும் 1822-லும் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். கெட்ட சாசேஜிலிருந்து எடுத்த சாற்றைத் தன் மேலேயே சோதித்தும் பார்த்தார். பார்வை இரட்டையாகும், தொண்டை வறளும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும்.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்ற கிராமத்தில் ஒரு சாவு. சாவுக்கு வாசிக்க வந்த பேண்டு வாத்தியக்காரர்களுக்கு விருந்து கொடுத்தார்கள். உப்பில் ஊறிய ஹாம், வேகவைக்காதது. பலர் படுத்தார்கள், 3 பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கம் என்ற பேராசிரியர் அந்த ஹாமிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் ஒரே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் 'குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம்'. லத்தீனில் 'பொட்டுலஸ்' என்றால் சாசேஜ்.

இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. புளிப்பும் அதிக உப்பும் ஆகாது. சாசேஜின் நடுப்பகுதி அதற்கு ஏற்ற வீடு. பி.எச். 4.6-க்குக் கீழே போனால் வளராது. நைட்ரைட் இருந்தாலும் தலைதூக்காது. நிறத்துக்காக என்று நினைத்துப் போட்ட ஒரு சிட்டிகை வெடியுப்பு, அதை மாற்றித் தந்த பாக்டீரியா, புளிப்பேற்றிய இன்னொரு பாக்டீரியா, மூன்றும் சேர்ந்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஏதாவது ஒன்று சொதப்பின வீடுகளைத்தான் கெர்னர் எண்ணிக்கொண்டிருந்தார்.

விஷயம் புரிந்ததும் தொழிற்சாலைகள் என்ன செய்தன? 1925-ல் அமெரிக்க அரசு நைட்ரைட்டை நேரடியாகக் கறியில் சேர்க்க அனுமதித்தது. நைட்ரேட்டை மாற்றித் தர இனி பாக்டீரியா எதற்கு, நேராக நைட்ரைட்டையே போட்டால் போச்சு. சுருக்கமாகச் சொன்னால், பல நூற்றாண்டு சம்பளமில்லாமல் உழைத்தவர்களுக்கு லேஆஃப். நம்ம துறை ஆட்களுக்கு இந்த வலி தெரியும்.

ஆனால் புளிக்க வைக்கிற சாசேஜில் அவர்கள் இல்லாமல் முடியவில்லை. பழைய கசாப்புக்காரர்கள் போன முறை செய்த கலவையில் கொஞ்சம் எடுத்து வைத்துப் புதிதில் சேர்ப்பார்கள். அக்கா தயிருக்கு உறை ஊற்றுகிற அதே முறை. பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்த அதிர்ஷ்ட விளையாட்டு ஒத்துவரவில்லை, ஒரு தொகுதி கெட்டால் டன் கணக்கில் நஷ்டம். 1940-ல் அமெரிக்காவில் ஜென்சன், பேடக் என்ற இருவர் சாசேஜில் லாக்டிக் பாக்டீரியாவை அளந்து சேர்ப்பதற்கு உரிமம் வாங்கினார்கள். 1955-ல் பின்லாந்தின் நீனிவாரா நைட்ரேட்டை மாற்றும் பாக்டீரியாவைத் தனியாக வளர்த்துச் சேர்த்துக் காட்டினார். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் நிவென், டைபெல் குழு 'பீடியோகாக்கஸ்' என்ற பாக்டீரியாவைச் சாசேஜ் உறையாகக் கொண்டுவந்தது. உறைநிலையில் உலர்த்தித் தூளாக்கி விற்றார்கள். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் போதும்.

இதுவரை புளிப்புதான் ஆயுதம். ஆனால் இந்த நல்லவர்களிடம் இன்னொரு ஆயுதமும் இருந்தது.

1928-ல் அமெரிக்காவில் ரோஜர்ஸ், விட்டியர் என்ற இருவர் பாலில் இருக்கும் ஒரு லாக்டிக் பாக்டீரியா, தன்னோடு போட்டி போடும் வேறு பாக்டீரியாவைத் தடுப்பதைக் கண்டார்கள். புளிப்பு மட்டும் காரணமில்லை, ஏதோ ஒரு பொருள் விடுகிறது. 1940-களில் இங்கிலாந்தில் மேட்டிக், ஹிர்ஷ் அதைப் பிரித்தெடுத்து 'நைசின்' என்று பெயர் வைத்தார்கள். பென்சிலின் அலை அடித்த காலம், இதுவும் மருந்தாகும் என்ற ஆசை இருந்தது. மருந்தாகத் தேறவில்லை. 1951-ல் ஹிர்ஷும் கூட்டாளிகளும் சீஸைக் கெடுக்கும் கிருமிகளுக்கு எதிராக அதை நிறுத்திக் காட்டினார்கள். மருந்துக்கடையில் தோற்றது சமையலறையில் ஜெயித்தது. 1969-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு அதை ஏற்றது, 1988-ல் அமெரிக்காவும். சில சீஸ் பாக்கெட்டுகளின் பின்பக்கம் 234 என்ற எண் இருக்கும், அதுதான் நைசின்.

ஆனால் பச்சைக் கறியில் நைசின் திணறும். கொழுப்பிலும் புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். கறிக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. அங்கேதான் நம்ம நாட்டிலிருந்து போனவர்கள் வருகிறார்கள். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் விபேக் ராய், அவரோடு வேலை செய்த அருண் பூனியா. சாசேஜ் உறையாகப் பயன்பட்ட அதே பீடியோகாக்கஸ் இனம் விடும் 'பீடியோசின்' என்ற புரதத்தைப் பிரித்து, அது எந்தெந்தக் கிருமியைக் கொல்லும் என்று 1988-ல் வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலில் முக்கியமான பெயர் 'லிஸ்டீரியா'.

லிஸ்டீரியா ஏன் முக்கியம்? ஃபிரிட்ஜில் வளரும். நாம் எல்லோரும் குளிரை நம்பித்தான் வாழ்கிறோம், இது அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகும். 2017, 18-ல் தென்னாப்பிரிக்காவில் 'பொலோனி' என்ற மலிவான சாசேஜ் மூலம் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய், 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் நிறைய. வேகவைத்துப் பொட்டலம் கட்டி, சுடவைக்காமல் சாப்பிடும் கறிப் பண்டங்களில் காவல் காக்கும் பாக்டீரியாவை வைக்கலாம் என்ற யோசனைக்குப் பின்னால் இருக்கும் அவசரம் இதுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது விஸ்கான்சின் முறை. 1980-களில் வந்தது. நைட்ரைட் அதிகச் சூட்டில் நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்ப் பொருளாக மாறலாம் என்ற கவலை எழுந்திருந்தது. அங்கே டனாகா என்ற ஆய்வாளரின் குழு பன்றிக்கறி பேக்கனில் நைட்ரைட்டை 120 பி.பி.எம். அளவிலிருந்து 80, 40 என்று குறைத்து, கொஞ்சம் சர்க்கரையும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்த்தது. ஃபிரிட்ஜ் ஒழுங்காக வேலை செய்யும்வரை அந்த பாக்டீரியா தூங்கும். கரண்ட் போய்ப் பொட்டலம் சூடானால் முழித்துக்கொண்டு சர்க்கரையைப் புளிப்பாக்கி, பொட்டுலினம் தலைதூக்குவதற்குள் கதவைச் சாத்திவிடும். நாங்கள் சர்வருக்கு ராத்திரி முழித்து எழுதுகிற ஃபெயில்-சேஃப், ஒரு துண்டு பேக்கனுக்குள்.

இதெல்லாம் கேட்டு "அப்போ இயற்கை பாக்டீரியா போட்டாலே பயமில்லை" என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1995-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், புளிக்க வைத்த மெட்வர்ஸ்ட் என்ற சாசேஜால் 4 வயதுக் குழந்தை இறந்தது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதித்தது. காரணம் ஈ. கோலையில் ஒரு கொடிய வகை. அது புளிப்பைத் தாங்கக்கூடியது. தொடக்கத்திலேயே கறியில் கிருமி நிறைய இருந்தால், காவல்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பிரயோஜனமில்லை.

அதே மாதிரி லேபிள். 'நைட்ரைட் சேர்க்கவில்லை' என்று எழுதியிருக்கும் சில வெளிநாட்டு ஹாம் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், செலரித் தூள் என்று இருக்கும். செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் அதிகம். அதை 'ஸ்டெஃபிலோகாக்கஸ் கார்னோசஸ்' போன்ற ஒரு பாக்டீரியாவை வைத்து நைட்ரைட்டாக மாற்றிச் சேர்க்கிறார்கள். பாட்னாவுக்குப் பதில் செலரி, மற்றபடி போலென்ஸ்கே 1891-ல் பார்த்த அதே சங்கதி. கறிக்குள் இருப்பது அதே நைட்ரைட்தான். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. செலரியிலிருந்து வந்ததா டப்பாவிலிருந்து வந்ததா என்று பார்த்து அது ஒதுங்கிப் போகாது.

ஒரு வீட்டு விஷயமும் சொல்லிடறேன். தயிரில் ஊறவைத்த சிக்கன் கெடாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தயிர் பாக்டீரியாவுக்கு 40 டிகிரி பக்கத்துச் சூடு வேண்டும், ஃபிரிட்ஜில் அது பெருகி வேலை செய்யாது. தயிரில் ஏற்கெனவே இருக்கும் புளிப்பு மேல்பரப்பில் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்ததை வியாழக்கிழமை எடுத்து மோந்து பார்க்காதீங்க. லிஸ்டீரியாவுக்கு வாசனை கிடையாது.

இதையெல்லாம் படித்து முடித்ததும் கிளியூர் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கறியும் புளிக்கும் அக்கா. சோறு சேர்த்தா புளிக்கும், தாய்லாந்துல செய்றாங்க. ஆனா சரியான பாக்டீரியா வேணும், உப்பு கிராம் கணக்குல வேணும், புளிப்பு இறங்குதான்னு மீட்டர் வச்சுப் பாக்கணும். வீட்டுல முயற்சி பண்ண வேண்டாம்."

"அப்ப நம்ம வெயில்தான்னு சொல்றீங்க."

"உங்களுக்கு வெயில்தான் அக்கா. நீங்க சொன்ன ரெண்டு நாள் கணக்கு சரிதான். அந்த ரெண்டு நாளைத்தான் உலகம் பூரா ஆளாளுக்கு ஒரு வழியில தாண்டியிருக்காங்க."

"சரி தம்பி. மழை வந்தா என்ன பண்றது, அதைச் சொல்லுங்க."

உணவு உலர்த்தும் மின்சாரப் பெட்டிகள் இருக்கின்றன. வெயில் இல்லாத நாளிலும் சீரான சூட்டில் காற்றடித்து ஈரத்தை வேகமாக எடுத்துவிடும். ஓட்டத்தில் அந்த இரண்டு நாளை அக்கா பக்கம் சாய்க்கும். சிறியது ஒன்றின் விலையை விசாரித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மனசுக்குள்ளே கணக்குப் போட்டிருப்பார்.

"நாலு கிலோ கறி ரெண்டு தடவை வீணாப்போறதுக்கு இது தேவலாம்," என்றார். "பெரியக்காகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.